வழுக்குமரக் குரங்கும் விடைப்பட்டியலும்: கொல்கத்தாவின் கணித வரலாற்றிலிருந்து ஒரு குறிப்பு

வாக்கியக் கணக்கொன்றைச் செய்து முடித்த மாணவர் தம் விடை சரிதானா என்பதை எவ்வாறு அறிகிறார்? எளிய வினாவாகத் தோன்றும் இதற்குக் கொல்கத்தாவின் கல்வி வரலாற்றில் இருவேறு விடைகள் உள்ளன.

முதலாவது, கணக்கின் உள்ளேயே சரிபார்ப்பைத் தேடும் மரபு. கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் தலைவராக இருந்த ஹென்றி தாமஸ் கோல்புரூக், பாஸ்கரர் 1150இல் இயற்றிய லீலாவதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 1817இல் லண்டனில் வெளியிட்டார். அந்நூல் விளக்கும் முறைகளுள் ஒன்று விலோமம், அதாவது தலைகீழ்ச் செயல்முறை. ஓர் எண்ணை மூன்றால் பெருக்கி, அப்பெருக்கத்தின் முக்காலைக் கூட்டி, ஏழால் வகுத்து, ஈவில் மூன்றில் ஒன்றைக் கழித்து, வர்க்கமாக்கி, 52 கழித்து, வர்க்கமூலம் கண்டு, 8 கூட்டிப் பத்தால் வகுத்தால் 2 வருகிறது, அவ்வெண் யாது? இறுதியிலுள்ள 2இலிருந்து பின்னோக்கி நடந்தால் 28 கிடைக்கிறது. அதே 28ஐக் கொண்டு முன்னோக்கி நடந்தால் 84, 147, 21, 14, 196, 144, 12, 20 எனக் கடந்து மீண்டும் 2 வருகிறது. போன வழியே திரும்பி வருதல் இங்குத் தீர்வாகவும் அமைகிறது, சோதனையாகவும் அமைகிறது.

இரண்டாவது, அச்சு நூலின் மரபு. கோல்புரூக்கின் நூல் வெளியான அதே 1817இல் கல்கத்தாவில் பள்ளிப் புத்தகக் கழகம் தோன்றியது. பாடநூல் பெருகிய நூற்றாண்டில், நூலின் இறுதியில் விடைகளைத் தொகுத்துத் தரும் வழக்கமும் வேரூன்றியது. விடைப்பட்டியல் பிழை உண்டா என்பதைச் சொல்லும். பிழை எங்கே என்பதைச் சொல்லாது.

இவ்வேறுபாட்டை உணர்த்த வங்க மாணவர் நன்கறிந்த கணக்கொன்று போதும். பவானிபூர் மித்ரா இன்ஸ்டிடியூஷனில் கணிதம் கற்பித்துத் தலைமையாசிரியராகவும் விளங்கிய கேசப் சந்திர நாக் (1893–1987) எழுதிய பாடநூல்கள் தலைமுறைகளைக் கடந்தவை. எண்ணெய் தடவிய மூங்கிலில் ஏறிச் சறுக்கும் குரங்கு அவர் பெயரோடு பிணைந்தே அங்கு நினைக்கப்படுகிறது. மூங்கிலின் உயரம் 20 அடி. குரங்கு ஒரு நிமிடத்தில் 4 அடி ஏறி, அடுத்த நிமிடத்தில் 2 அடி சறுக்குகிறது எனக் கொள்வோம். இரண்டு நிமிடத்திற்கு 2 அடி; ஆகவே 20 நிமிடம் என்பது விரைந்து வரும் விடை. அந்தக் கூட்டல், கழித்தல், வகுத்தலை எத்தனை முறை சரிபார்த்தாலும் பிழை அகப்படாது. கதைக்குள் திரும்பிச் சென்று குரங்கைப் பின்தொடர்ந்தால் உண்மை தெரிகிறது: 16ஆம் நிமிட முடிவில் அது 16 அடி உயரத்தில் இருக்கிறது, 17ஆம் நிமிடத்தில் உச்சியைத் தொட்டுவிடுகிறது. உச்சியை எட்டியபின் சறுக்கலுக்கு இடமில்லை. பிழை எண்களில் நேரவில்லை. வாக்கியத்தை வாசித்த விதத்தில் நேர்ந்தது.

இது வங்கத்திற்கு மட்டும் உரிய சிக்கலன்று. 36 பேர் ஏறக்கூடிய பேருந்துகளில் 1,128 படைவீரரை அனுப்ப எத்தனை பேருந்துகள் தேவை என அமெரிக்காவில் 13 வயது மாணவரிடம் கேட்கப்பட்டது. 1983இல் வெளியான முடிவின்படி, சுமார் 70 விழுக்காட்டினர் வகுத்தலைச் சரியாகச் செய்தனர். ஆயினும் 32 என்ற சரியான விடையைத் தந்தோர் 23 விழுக்காட்டினரே. 29 விழுக்காட்டினர் ‘31, மீதி 12’ என்று எழுதினர். மீதி 12 என்பது பேருந்தின்றி நிற்கும் பன்னிரண்டு மனிதர் என்பது அவர்களுக்குப் புலப்படவில்லை.

ஜார்ஜ் போல்யா 1945இல் வெளியிட்ட நூலில், தீர்வைத் திரும்பிப் பார்த்தலைக் கணக்குத் தீர்த்தலின் நான்காவது படியாக வைத்தார். வாக்கியக் கணக்கைப் பொறுத்தவரை அப்படி மொழிசார்ந்த செயலும் ஆகும்: கிடைத்த எண்ணை வினா வாக்கியத்தில் மீண்டும் பொருத்தி, அவ்வாக்கியம் இப்போதும் மெய்யாகிறதா என வாசித்தல். விடைப்பட்டியல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது முதலில் கைவிடப்படுவது இந்த மறுவாசிப்பே. வீட்டில் கணக்குச் சொல்லித்தர எவருமில்லாத மாணவருக்கோ, தம் பிழையைத் தாமே கண்டறிய எஞ்சியிருக்கும் வழியும் அதுவே.