உயிர் பிழைத்தபின் வராத உறக்கம்

புத்தளம் கரையோரம் முத்துக்கும் உப்புக்கும் பேர்பெற்றது. 1344ஆம் ஆண்டில் இப்னு பதூதா வந்திறங்கிய கரை இது என்பதை வாசகர்கள் அறிவர். இக்கரையோரத்திற்குக் காய்ச்சலின் வரலாறும் உண்டு. இலங்கையின் உலர்வலயத்தில் தலைமுறை தலைமுறையாக மலேரியா குடியிருந்தது. 1934-35 கொள்ளைநோயின்போது நாட்டில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் மாண்டனர். டி.டி.ரீ. தெளிக்கப்பட்டதன் பின்னர், 1963இல் பதிவான நோயாளர் தொகை வெறும் 17 ஆகக் குறைந்தது. மீண்டும் தலைதூக்கிய நோய் நீண்ட போராட்டத்தின் பின்னரே ஒழிந்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

மலேரியா போய்விட்டது, அது மனித இரத்தத்தில் விட்டுச்சென்ற தடயம் போகவில்லை. தலசீமியா மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிட்டியிருக்கலாம் என்று ஹால்டேன் 1949இல் கருத்துரைத்தார். பிற்கால ஆய்வுகள் அதற்கு வலுச்சேர்த்தன. பெற்றோர் இருவரிடமிருந்தும் அம்மரபணுவைப் பெறும் பிள்ளைக்கோ வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டியதாகிறது. வடமேல் மாகாணத்துப் பிள்ளைகள் பலர் குருணாகல் தலசீமியா நிலையத்தை நாடிச் செல்வதன் பின்னணி இதுவே.

இந்நோயைக் குணப்படுத்த நெடுங்காலமாக இருந்த ஒரே வழி, தமிழகத்தார் எலும்பு மஜ்ஜை என்று வழங்கும் என்பு மச்சையை மாற்றுவதாகும். டொனால் தோமஸ் 1957இல் வெளியிட்ட முதல் அறிக்கையில் இடம்பெற்ற ஆறு நோயாளரில் எவரும் நெடுநாள் வாழவில்லை. மனம் தளராத அவர் 1990இல் நொபெல் பரிசு பெற்றார். 1981இல் தலசீமியாவுக்கான மச்சை மாற்றம் சியாற்றிலில் நிகழ்ந்தது. மும்பாய் டாட்டா வைத்தியசாலையில் 1983இலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986இலும் இச்சிகிச்சை தொடங்கியது.

அக்காலத்து வைத்தியர்களின் அளவுகோல் ஒன்றே: நோயாளி நூறாவது நாளைக் காண்பாரா? உயிரே ஊசலாடும்போது உறக்கத்தைப் பற்றி யார் வினவுவர்? பிழைத்தோர் தொகை பெருகிய பின்னரே, அவர்கள் எவ்வாறு வாழ்கிறார்கள் என்ற வினா எழுந்தது. மச்சை மாற்றிக்கொண்டவர்களில் கணிசமானோர் மாதக்கணக்காக, சிலர் ஆண்டுக்கணக்காக, உறக்கமின்றி அல்லலுறுவது அப்போதுதான் வெளிப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் கற்பிட்டிப் பக்கம் சென்றிருந்தபோது, தமிழகத்து வைத்தியசாலையொன்றில் சகோதரியின் மச்சையைப் பெற்றுத் திரும்பிய இளைஞர் ஒருவரைச் சந்தித்தேன். "நோய் போயிற்று ஐயா, அதோடு நித்திரையும் போயிற்று" என்றார். தந்தை கடற்றொழிலாளி. இரவு பத்து மணிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் அவ்வீட்டில் விளக்கெரியும். இயந்திரப் படகின் ஓசை கேட்கும். தூங்காத இரவை ஈடுசெய்யப் பகலெல்லாம் படுத்திருந்தார். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கலாமா என்று என்னையே கேட்டார். பத்திரிகைக்காரன் சொல்லக்கூடிய விடயம் அல்ல அது; உடனே வைத்தியரிடம் கேட்கும்படி கூறினேன்.

அவ்வாறு கூறியதற்குக் காரணம் உண்டு. மச்சை மாற்றத்தின் பின் கொடுக்கப்படும் பூஞ்சணக் கொல்லி மருந்துகளில் சில, சிலவகைத் தூக்க மாத்திரைகள் உடலில் சிதைவதைத் தடுத்து, சிறு அளவையும் பேரளவாக்கிவிடும். மூலிகை என்றாலும் தீங்கில்லை என்று எண்ணலாகாது. உளச்சோர்வுக்கு உட்கொள்ளப்படும் சென் ஜோன்ஸ் வோட் என்ற மூலிகை, மாற்றுறுப்பைக் காக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவைக் குறைத்து, இதயமாற்றுப் பெற்ற இருவரின் உயிருக்கே ஆபத்தை விளைவித்தமை 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

உறக்கம் கெடுவதற்கான காரணங்கள் பல. ஸ்ரீரொயிட் மருந்து மூளையை விழிப்பாக வைத்திருக்கும். வைத்தியர் இணங்கினால் அதனைக் காலையிலேயே உட்கொள்வது நலம். கொடையாளியின் கலங்கள் பெற்றவரின் உடலைத் தாக்கும்போது தோல் அரிப்பு உண்டாகும். வலியும், நோய் திரும்புமோ என்ற அச்சமும் உண்டு. வைத்தியசாலையில் இரவிரவாக எழுப்பிச் சோதித்ததில் குலைந்த நாளொழுங்கு வீடு திரும்பிய பின்னும் சீராவதில்லை. ஆகவே காரணத்தைக் கண்டறிவதே முதற்படி.

மாத்திரையின் வரலாறும் படிப்பினை தருவது. 1903இல் பார்பிற்றல் வந்தது. 1960இல் லிப்ரியம் வந்தது. ஒவ்வொன்றும் வரப்பிரசாதமாகக் கொண்டாடப்பட்டு, அடிமைப்படுத்தும் தன்மை பின்னரே உணரப்பட்டது. மறுபுறம், 1972இல் றிச்சர்ட் பூட்சின் படுக்கை உறக்கத்திற்கு மட்டுமே என்ற எளிய விதியை முன்வைத்தார். 1987இல் ஸ்பீல்மன் படுக்கையில் கழிக்கும் நேரத்தை மட்டுப்படுத்தும் முறையை விவரித்தார். இவை இணைந்து உருவான உளநடத்தைச் சிகிச்சையையே நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதலில் வழங்கவேண்டும் என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது.

இதன்படி, எந்த இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழவேண்டும். ஏறத்தாழ இருபது நிமிடங்களாகியும் உறக்கம் வராவிடின் படுக்கையை விட்டு எழுந்து, மீண்டும் கண் சொருகும்போதே திரும்ப வேண்டும். பகல் உறக்கத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எனினும் புதிதாக மச்சை பெற்றவரின் களைப்பு மெய்யானது. அவர் படுக்கை நேரத்தைக் குறைப்பதாயின் வைத்தியரின் கண்காணிப்பிலேயே குறைக்கவேண்டும். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ சேர்ந்திருந்தால் காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

கடற்றொழில் செய்வோர் வீடுகளில் இவ்வொழுங்கு எளிதன்று. ஆயினும் நோயாளிக்கென ஓர் அறையை, அது இயலாவிடின் ஒரு மூலையையாவது இருட்டாகவும் அமைதியாகவும் ஒதுக்கலாம். வலைக்குப் போகிறவர் எழும் நேரத்தில் நோயாளியும் எழும்பவேண்டும் என்ற நியதி எதுவுமில்லை.

பிழைத்ததே போதும் என்றெண்ணி நோயாளர் பலர் உறக்கமின்மையைச் சொல்லத் தயங்குகிறார்கள். வைத்தியரும் கேட்பதில்லை. காய்ச்சல் கரையாக இருந்த மண்ணின் பிள்ளைகள் இத்தனை தடைகளையும் தாண்டி வாழ வந்திருக்கிறார்கள். அடுத்த முறை வைத்தியரிடம் செல்லும்போது, இரத்த அறிக்கையுடன், எத்தனை மணிக்குப் படுத்தோம், எத்தனை மணிக்கு விழித்தோம் என்று இரண்டு வாரங்கள் எழுதிய தாள் ஒன்றையும் அவர்கள் எடுத்துச் செல்லட்டும்.