எல்லை கடந்த வங்கியும் எல்லைக்குள் நின்ற காவலரும்

அயல் மாநிலத்தில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பும் நமக்கு வங்கியின் நேர்மை பெரிய காரியம். ஆனால் ஒரு வங்கி ஒரு நாட்டில் பதிவாகி, வேறொரு நாட்டில் வைப்புப் பெற்று, மற்றொரு நாட்டில் கடன் கொடுக்குமாயின், அதனைக் கண்காணிப்பவர் யாவர்?

இவ்வினா 1974-இல் கூர்மையாக எழுந்தது. அவ்வாண்டு ஜூன் 26-ஆம் நாள், கொலோன் நகரத்து ஹெர்ஷ்டாட் வங்கியை ஜெர்மானிய அதிகாரிகள் அலுவல் நேர முடிவில் மூடினர். பகலில் அவ்வங்கிக்கு மார்க் நாணயம் செலுத்தியிருந்தோர், ஈடான டாலரை நியூயார்க்கில் பெறக் காத்திருந்தனர். அங்கே அப்பொழுது முற்பகல், டாலர் வரவில்லை. கதிரவன் இரு நாடுகளுக்கு இரு வேளைகளில் உதிப்பதுகூட ஒருவரை நட்டப்படுத்தக்கூடும்!

அவ்வாண்டின் இறுதியில், தொழில் வளம் மிக்க நாடுகளின் மத்திய வங்கி ஆளுநர்கள் பாஸலில் ஒரு குழு அமைத்தனர். தாய்நாட்டு அதிகாரிகளும் கிளையிருக்கும் நாட்டு அதிகாரிகளும் மேற்பார்வைப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள 1975-இல் ஓர் இசைவு ஏற்பட்டது. அதற்குச் சட்ட வலிமை இல்லை. வாடிக்கையாளரின் கணக்கை வெளியிடலாகாது என்ற இரகசியக் காப்புச் சட்டங்களும் பல நாடுகளில் குறுக்கே நின்றன.

இந்த இடுக்கில்தான் பி.சி.சி.ஐ. என்னும் வங்கி வளர்ந்தது. ஆகா ஹசன் அபேதி 1972-இல் தொடங்கிய அதன் தலைமை நிறுவனம் லக்ஸம்பர்க்கில் பதிவானது. அதன்கீழ் இரு வங்கிகள்; ஒன்று லக்ஸம்பர்க்கிலும் மற்றொன்று கேமன் தீவுகளிலும் பதிவாயின. உண்மையான நிர்வாகமோ லண்டனில். நெடுங்காலம் இவ்விரு வங்கிகளின் கணக்கை வெவ்வேறு தணிக்கையாளர்கள் பார்த்தனர். முழு உருவத்தைக் கண்டவர் எவருமிலர். 1980-களின் பிற்பகுதியில் சில நாடுகளின் மேற்பார்வையாளர்கள் ஒன்றுகூடித் தாம் அறிந்ததைப் பகிரலாயினர். எனினும் காலம் கடந்திருந்தது. 1991 ஜூலை 5-ஆம் நாள் பல நாடுகளில் ஒரே வேளையில் வங்கி மூடப்பட்டது. பிரிட்டனில் குடியேறிய தெற்காசிய வணிகர் பலரின் பணம் முடங்கிற்று. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகள் மன்றம் இழந்தது மட்டும் சுமார் 2 கோடியே 30 லட்சம் பவுன்.

பிரிட்டனில் நீதிபதி பிங்காம் விசாரித்து 1992-இல் அறிக்கை தந்தார். உலகெங்கும் இயங்கும் வங்கியைத் தாய்நாட்டு அதிகாரி ஒருவர் முழுமையாக மேற்பார்க்க வேண்டும் என்ற குறைந்தபட்ச நெறியைப் பாஸல் குழு அதே ஆண்டில் வகுத்தது. 1995-இல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டளைச் சட்டம் ஒன்றியற்றி, தலைமை அலுவலகமும் பதிவிடமும் ஒரே நாட்டில் இருக்குமாறு பணித்தது. தணிக்கையாளர் தாம் காணும் பெருங்குறையை மேற்பார்வையாளருக்கு அறிவிப்பதையும் கடமையாக்கிற்று.