மலையக நகரங்களும் மண்சரிவும்: ஒரு சமூகவரலாற்று நோக்கு

மண்சரிவை இயற்கையின் சீற்றம் எனக் கூறி அமைதியுறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையினால் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைச்சரிவுகள் இடிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டபொழுதும் இவ்விளக்கம் கேட்கவே செய்தது. மழை எல்லார்க்கும் பொதுவாகப் பெய்கிறது. எவர் எந்தச் சரிவில் வாழ நேர்ந்தது என்பதோ வரலாற்றுக்குரிய வினாவாகும். அவ்வினாவையே ஈண்டுச் சுருக்கமாக ஆராய முற்படுகிறோம்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்து நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியவையாகக் கொண்டது. அவ்வாறு கையகப்பட்ட மலைகள் தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டன. கோப்பிக்காகக் காடு அழிந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியபின் அதே சரிவுகளைத் தேயிலை மூடியது. மண்ணைப் பிணித்துநின்ற ஆழ்வேர்கள் மறைந்தன. தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளர் எவ்விடத்தில் வாழவேண்டும் என்பதை அவர்கள் அன்றி, தோட்ட நிருவாகமே தீர்மானித்தது.

இப்பொருளாதாரத்தின் துணைவிளைவாகவே மலையக நகரங்கள் பல வளர்ந்தன. புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. விளைபொருளை ஏற்றவும் அரிசியை இறக்கவும் எழுந்த கடைத்தெருக்களே பின்னர் நகரங்களாயின. அட்டன் போன்ற நகரங்களைச் சூழ நின்றவை தோட்டக் காணிகள். மக்கள்தொகை பெருகியபொழுது நகரம் பக்கவாட்டில் விரிய இடமின்றிச் சரிவின்மேல் ஏறிற்று. வீட்டுக்கும் வீதிக்குமாக மலையின் அடிவாரம் வெட்டப்பட்டது. இயற்கை நீரோடைகள் கட்டடங்களால் அடைபட்டன. வடிய வழியற்ற நீர் மண்ணுள் புகுந்து நுண்டுளைகளில் அழுத்தத்தைக் கூட்ட, சரிவு தன் பிடிப்பை இழக்கிறது. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறத்தாழ 7 சதவீதம் மிகையான நீராவியை ஏற்கவல்லது. ஆகவே இன்றைய பெருமழையையும் முற்றிலும் இயற்கையானது எனக் கொள்வதற்கில்லை. கைத்தொழில் முதலாளித்துவம் எரித்த நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் அதிற் பங்குண்டு.

நகரத்திற்குச் சட்டம் இட்ட எல்லையை மழைநீர் அறியாது. ஆயின் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைநிதியைச் செலவிடத் தடையாய் இருந்தது; 2018இலேயே அது திருத்தப்பட்டது. ஒரே மலையின் வடிகாலும் பாதையும் இருவேறு ஆட்சிகளுக்கு உட்பட்டிருக்கையில் முழுமையான திட்டமிடல் எங்ஙனம் சாத்தியமாகும்?

2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் அபாயகரமானது என 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, குடிபெயர்வதற்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. மக்களின் அறியாமையே அழிவுக்குக் காரணம் என்போர் இவ்வுண்மையைக் காண மறுக்கின்றனர்.

அபாய வலயங்களைக் குறிக்கும் படங்களும் கட்டட ஒழுங்குவிதிகளும் இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. எனினும் பாதுகாப்பான நிலம் தோட்டத்தின் பிடியில் இருக்கும்வரை, அப்படங்கள் ஏழைகளுக்கு அவர்தம் ஆபத்தை அறிவிப்பனவாகவே அமையும்; அதனை நீக்குவன ஆகா. மலையகத்தில் நகரத் திட்டமிடல் என்பது அடிப்படையில் நிலவுரிமைப் பிரச்சினையே என நாம் வலியுறுத்துவது இதனாலேயாம்.