ஓரியின் வில்லும் வன்பரணர் பாட்டும்

இராசிபுரத்திற்குத் தென்கிழக்கே ஓங்கி நிற்பது கொல்லிமலை. நம்மூர்க் கைலாசநாதர் கோயிலை எடுப்பித்தவன் அம்மலைத் தலைவன் வல்வில் ஓரி என்பது ஊர் வழக்கு. அவன் பெயரால் ஆண்டுதோறும் ஆடி 17, 18 ஆகிய நாள்களில் மலைமேல் உள்ள செம்மேட்டில் தமிழக அரசு விழா எடுக்கின்றது. ஆடிப்பெருக்கை ஒட்டிய அவ்விழாவில் விற்போட்டியும் நடைபெறும்.

வரலாற்றை நோக்கின், ஓரி தோற்றவன். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தான் என்கின்றது அகநானூற்றின் 209ஆம் பாட்டு. ஆயினும் அம்மலையில் இன்று விழாப் பெறுபவன் தோற்றவனே. வேந்தர் கவர்ந்த மலையைப் புலவர் பாட்டு அவனுக்கு மீட்டுத் தந்தது.

புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் வேட்டையை யாவரும் அறிவர். யானையை வீழ்த்திய ஓர் அம்பு புலி, மான், பன்றி ஆகியவற்றையும் ஊடுருவிப் புற்றில் கிடந்த உடும்பில் தைத்தது. பாட்டு அவ்வளவில் நிற்கவில்லை. பாணர் தன் பெயர் கூறிப் புகழக் கேட்ட அவ்வில்லாளி நாணினான்; காட்டு வழியிலேயே ஊனும் மதுவும் மலைப்பொன்னும் மணியும் ஈந்தான்.

விற்போட்டியில் அம்பின் குறியை நடுவர் அளந்து விடுவர். புகழ் கேட்டு நாணும் பண்பை அளக்க இலக்குப் பலகை ஏது? அதனைக் காத்துவருவது பாட்டே. மலையடியில் பத்தாண்டு தமிழ் வளர்த்த நம் வட்டத்தார், ஆடிதோறும் செம்மேடு சென்று அப்பாட்டை முழுமையாக ஓதுதல் கடனாகும்.