ஃபோர்டு மாடல் டி: மூன்று மிதிகளின் கதை

ஜான் ஸ்டைன்பெக் 1945 இல் வெளியிட்ட ‘கேனரி ரோ’ நாவலின் நடுவே கதையைச் சற்று நிறுத்திவிட்டு ஓர் ஆசையை வெளியிடுகிறார். ஃபோர்டு மாடல் டி கார் அமெரிக்க மக்களை என்ன செய்தது என்பதைப் புலமையுடையோர் யாரேனும் ஆராய்ந்து எழுத வேண்டுமாம். கேலி பாதி, உண்மை பாதியாக அமைந்த ஆசை அது. அதே பகுதியில் மேக்கும் அவன் கூட்டாளிகளும் தவளை பிடிப்பதற்காக ஒரு பழைய மாடல் டி லாரியில் புறப்படுகிறார்கள். கார்மெல் மேட்டில் வண்டி ஏற மறுக்கிறது. உடனே அதைத் திருப்பி நிறுத்திப் பின்புறமாகவே மேட்டில் ஏற்றிவிடுகிறார்கள்.

முதல்முறை இதைப் படித்தபோது நாம் இதை நகைச்சுவைக்காகப் புனைந்த காட்சி என்றே எண்ணினோம். வகுப்பில் அப்படியே சொல்லியும் இருக்கிறோம். பின்னர் அந்தக் காரின் அமைப்பைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் நம் அறியாமை புலப்பட்டது. ஸ்டைன்பெக் எழுதியது அன்றைய அமெரிக்கக் கிராமத்தார் பலரும் செய்துவந்த காரியம். அதற்கான காரணம் ஓட்டுநரின் காலடியில், மூன்று மிதிகளில் இருந்தது.

மாடல் டி 1908 அக்டோபரில் வெளிவந்தது. 1927 மே மாதம் ஒன்றரைக் கோடியாவது கார் தொழிற்சாலையைவிட்டு வெளியேறியது. தொடக்கத்தில் வந்த சில நூறு கார்களில் மிதிகள் இரண்டு, கை நெம்புகோல்கள் இரண்டு. அதற்குப் பிறகு மூன்று மிதியும் ஒரு நெம்புகோலுமாக மாறி, கடைசிவரை அப்படியே நிலைத்தது. இன்றைய ஓட்டுநர் ஒருவரை அதில் உட்காரவைத்தால் திகைத்துப் போவார். இடப்பக்க மிதி கிளட்ச். அது மட்டுமன்று, அதுவே கியரும் ஆகும். முழுவதும் அழுத்தினால் வண்டி மெதுகியரில் முன்னே நகரும். பாதியளவு அழுத்திப் பிடித்தால் நியூட்ரல். காலை எடுத்துவிட்டால் மேல்கியர். நடு மிதி பின்னோக்கிச் செல்வதற்கு. வலப்பக்க மிதி பிரேக். வேகத்தைக் கூட்டுவதற்குக் காலடியில் எதுவும் இல்லை. அது ஸ்டியரிங் சக்கரத்தின் கீழே விரலால் நகர்த்தும் ஒரு சிறு நெம்புகோல்.

ஹென்றி ஃபோர்டு ஏன் இப்படி ஓர் அமைப்பைத் தேர்ந்தார்? அன்றைய பிற கார்களில் பற்சக்கரங்களை ஒன்றோடொன்று நகர்த்திப் பொருத்தி கியர் மாற்ற வேண்டியிருந்தது. பழகாதவர் கையில் அவை உராய்ந்து அலறும். பல் உடைவதும் உண்டு. மாடல் டி-யில் அந்தத் தொல்லை இல்லை. கோள்வகைப் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தே சுழன்றன. மூன்று உருளைகளைச் சுற்றி மூன்று பட்டைகள்; பருத்தியால் நெய்த லைனிங் தைத்த பட்டைகள். எந்த மிதியை மிதிக்கிறோமோ அதற்குரிய பட்டை தன் உருளையை இறுகப் பற்றி நிறுத்தும். குதிரைவண்டி மட்டுமே ஓட்டிப் பழகிய உழவர் ஒருவர் ஒரே நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய வித்தை. தறிக்குழியில் இறங்கி மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கும் நம் நெசவாளர் எவரும் அதனினும் விரைவில் கற்றிருப்பார் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் எளிமைக்கு ஒரு விலை இருந்தது. பருத்தி தேயும். தேயத் தேயப் பட்டைக்கும் உருளைக்கும் இடையே உள்ள இடைவெளி கூடும்; மிதி மேலும் மேலும் கீழே இறங்கும். இறுதியில் தரைப்பலகையை முட்டி நிற்கும். அப்போது எவ்வளவு மிதித்தாலும் பட்டை பற்றாது. அதிகம் உழைப்பது மெதுகியர்ப் பட்டை. ஆகவே முதலில் தேய்வதும் அதுதான். பின்கியர்ப் பட்டைக்கு வேலை குறைவு. அது புதிதுபோல் இருக்கும். மெதுகியரில் என்ஜின் 2.75 முறை சுழன்றால் அச்சுத்தண்டு ஒருமுறை சுழலும். பின்கியரில் 4 முறை சுழல வேண்டும். ஆகவே இழுவிசையும் பின்கியரில்தான் மிகுதி. போதாக்குறைக்குப் பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்தது. பம்ப் கிடையாது, தானாகவே இறங்கி ஓடவேண்டும். செங்குத்தான மேட்டில் முகம் மேல்நோக்கி ஏறும்போது தொட்டியில் எண்ணெய் குறைவாக இருந்தால் என்ஜினுக்கு எட்டாது. திரும்பிக்கொண்டு ஏறினால் எட்டும். மேக்கின் கூட்டம் செய்ததில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை.

மிதிகளைச் சரிசெய்யும் பொறுப்பை ஃபோர்டு நிறுவனம் உரிமையாளரிடமே ஒப்படைத்தது. காரோடு தந்த கையேட்டில் வினாவிடை நடையில் எல்லாம் விளக்கப்பட்டிருந்தது. மெதுகியர்ப் பட்டையை இறுக்குவது எளிது: பெட்டியின் வலப்புறத்தில் வெளியே தெரியும் திருகின் பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை வலப்பக்கம் திருப்பினால் போதும். பிரேக், பின்கியர்ப் பட்டைகளுக்குத் தரைப்பலகையைப் பெயர்த்து, மேல்மூடியைக் கழற்றி, உள்ளே கையை விட்டு நட்டுகளைத் திருப்ப வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினாலும் தவறு. காலை எடுத்த பின்னும் பட்டை உருளையை உரசிக்கொண்டே இருக்கும், வண்டி தன் பிரேக்கோடு தானே போராடும், என்ஜின் சூடேறும், லைனிங் கருகும். நம்மூர் மெக்கானிக்குகள் ‘ப்ளே’ என்று சொல்லும் அந்தச் சிறு தளர்வுதான் எல்லாம்.

கிளட்ச் இன்னும் நுட்பமானது. இருபத்தைந்து எஃகுத் தட்டுகள் எண்ணெயில் மூழ்கி ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்தி நிற்கும். அவற்றை அழுத்தும் மூன்று விரல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு திருகு. கோட்டர் பின்னை உருவிவிட்டு, திருப்புளியால் அரைச்சுற்றோ ஒரு சுற்றோ திருப்ப வேண்டும். மூன்றையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். இவ்விடத்தில் கையேடு ஓர் எச்சரிக்கை தருகிறது. அந்தப் பெட்டிக்குள் கொண்டுசெல்லும் எந்தப் பொருளையும் கயிறோ கம்பியோ கட்டாமல் கொண்டுசெல்லக் கூடாது. ஒரு நட்டு கைதவறி உள்ளே விழுந்தால் அதை எடுப்பது மிகக் கடினம்; அது சுழலும் உருளைகளுக்கு இடையே சிக்கினால் பெட்டியே நொறுங்கும். கிணற்றில் வாளியை இறக்குவதுபோல் திருப்புளியைக் கயிற்றில் கட்டி இறக்கிய உழவர்களை நாம் மனக்கண்ணில் காணலாம்.

இவையெல்லாம் செலவுக் கணக்கு மட்டும் அல்ல. உயிர்க்கணக்கும் இதில் இருந்தது. 1919 வரை மின்விசைத் துவக்கி தரப்படவில்லை. காரின் முன்னே நின்று கிராங்க் கைப்பிடியைச் சுழற்றித்தான் என்ஜினை எழுப்ப வேண்டும். கை நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தால் பின்சக்கரங்களுக்குப் பிரேக் விழும். கூடவே கிளட்சும் விடுபடும். அந்த விடுபடும் அளவும் ஒரு திருகில் அடங்கியது. அது சரியாக இல்லாவிட்டாலோ, குளிரில் எண்ணெய் இறுகித் தட்டுகள் ஒட்டிக்கொண்டாலோ, என்ஜின் உயிர்பெற்ற அந்த நொடியே கார் முன்னே நகரும். முன்னே நிற்பவர் அதை எழுப்பியவர்தாம்! இ. பி. வைட் 1936 இல் ‘நியூயார்க்கர்’ இதழில் மாடல் டி-க்கு விடைகொடுத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், கார் தன்மேல் வந்து சாய்வதைக் குதிரையின் கொஞ்சலாக நினைவுகூர்கிறார். நினைவில் இனிப்பது நேரில் எலும்பை முறிக்கவும் கூடும். குளிர்காலத்தில் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டுக் கிராங்க் சுழற்றும் வழக்கம் அதனால்தான் பரவியது.

கால்பிரேக்கின் குறை இதனினும் பெரிது. அது சக்கரங்களைப் பிடிக்கவில்லை. பெட்டிக்குள் ஓர் உருளையைப் பிடித்தது. அந்தப் பிடி அச்சுத்தண்டு வழியாகவும் பின்அச்சின் பற்சக்கரங்கள் வழியாகவும் சென்றே சக்கரத்தை அடைய வேண்டும். வழியில் ஏதேனும் ஒன்று முறிந்தால் எவ்வளவு நேர்த்தியாகப் பட்டையை இறுக்கி வைத்திருந்தும் பயனில்லை. தேர்ந்த ஓட்டுநர்கள் நீண்ட இறக்கத்தில் மூன்று மிதிகளையும் மாறி மாறி மிதித்துத் தேய்மானத்தைப் பங்கிட்டார்கள். பின்கியர் மிதியை மெல்ல அழுத்தியும் வேகத்தைக் குறைத்தார்கள்.

இதற்கிடையே உலகம் வேறு வழியில் சென்றுவிட்டது. கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் என்ற இன்றைய வரிசையைக் காடிலாக் 1916 இலேயே தந்தது. 1922 இல் வந்த ஆஸ்டின் செவன் அதைச் சிறிய கார்களுக்குக் கொண்டுவந்தது. திரவ அழுத்தத்தால் நான்கு சக்கரங்களையும் பிடிக்கும் பிரேக் 1921 இல் டியூசன்பெர்க்கிலும் 1924 இல் கிரைஸ்லரிலும் வந்தது. ஃபோர்டு மட்டும் தம் மூன்று மிதிகளை விடவில்லை. பிடிவாதம் என்றே நாம் இதைச் சொல்வோம். சிக்கனம் என்று வாதிடுவோரும் உளர்.

1927 டிசம்பரில் மாடல் ஏ வந்தபோது புதிய வரிசையும் அதோடு வந்தது. பத்தொன்பது ஆண்டுகள் பழகிய கால்கள் புதிய காரில் ஏறின. பழைய காரில் இடமிதியை ஆழ அழுத்தினால் வண்டி மெதுகியரில் கட்டுண்டு இறக்கத்தில் நிதானமாக இறங்கும். புதிய காரில் அதே மிதியை ஆழ அழுத்தினால் என்ஜினின் பிடி விட்டு வண்டி தன்போக்கில் உருளும். பழையதில் பிரேக் வலக்கோடியில். புதியதில் அந்த வலக்கோடியில் இருந்தது ஆக்ஸிலரேட்டர்.