பெயர் சொல்லி வந்த செய்தி



இறக்கக்கண்டிப் பாலத்தின்மேல் மாலை வேளையில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் களப்பு, மறு பக்கம் கடல், நடுவே மணல். ஓடியாடித் திரிவதற்கு இதைவிட வேறு என்ன இடம் வேண்டும் என்று வெளியூரிலிருந்து வருவோர் கேட்பதுண்டு. ஆயினும் இந்தக் கரையிலும் பிள்ளைகள் முன்போல் ஓடுவதில்லை. இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய குறையன்று. 146 நாடுகளில் 11 முதல் 17 வயது வரையுள்ள மாணவரிடம் திரட்டிய விவரங்களை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர் தொகுத்து நோக்கினர். நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது உடல் அசைந்து உழைக்காதவர், 2016ஆம் ஆண்டு நிலவரப்படி, நூற்றுக்கு 81 பேர் எனக் கண்டனர். பெண்களில் 85, ஆண்களில் 78.

பிள்ளைகளை எழுந்து நடக்கச் செய்ய விரும்பியவர்கள் காலந்தோறும் அவர்களிடம் எவ்வாறு பேசினார்கள் என்பதே இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட வரலாறு.

ஆங்கிலேயர் ஆட்சியில் நம் பாடசாலைகளுக்கு வந்தது 'டிரில்'. ஒரு விசில், ஒரு கட்டளை. நூறு கைகள் ஒருங்கே உயரும். இன்னார் களைத்தார், இன்னாருக்குக் கால் நோவு என்று அந்த விசிலுக்குத் தெரியாது. 1920இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். கட்டளைப் பயிற்சியினும் விளையாட்டே பிள்ளைகளை வளர்க்கும் என்பது அவர் கொள்கை. அக்கல்லூரியில் பயின்றவர்கள் இலங்கைப் பாடசாலைகளிலும் பணியாற்றினார்கள். பாரதியாரோ தம் பாப்பாப் பாட்டில் ஒரே ஒரு குழந்தையை முன்னிறுத்தி, ஓடு, விளையாடு, மாலைப் பொழுதை அதற்கே வைத்துக்கொள் என்றார். விசில் கூட்டத்திடம் பேசியது. கவிஞர் ஒரு குழந்தையிடம் பேசினார்.

பின்னர் விஞ்ஞானிகள் வந்தார்கள். 1953இல் ஜெரி மொரிஸ் என்னும் மருத்துவர் இலண்டன் மாநகரின் இரட்டைத்தட்டுப் பேருந்துகளை ஆராய்ந்தார். நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் சாரதியைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநருக்கு மாரடைப்புக் குறைவு எனக் காட்டினார். 1965இல் யப்பானியக் கம்பனி ஒன்று இடுப்பில் செருகும் அடியெண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயரின் பொருள் 'பத்தாயிரம் அடி மானி'. இன்று எல்லோர் நாவிலும் புரளும் பத்தாயிரம் அடி என்ற கணக்கு, ஆராய்ச்சியில் விளைந்ததைவிட வியாபாரப் பெயரில் விளைந்தது என்பதைப் பலர் அறியார்.

இனிக் குறுஞ்செய்தியின் கதைக்கு வருவோம். 1985இல் ஜெர்மனியின் பொன் நகரில் பிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்னும் பொறியியலாளர் தட்டச்சுப் பொறியில் பல வாக்கியங்களை அடித்து அடித்து எழுத்துகளை எண்ணினார். பெரும்பாலானவை 160க்குள் அடங்கின. தபாலட்டையில் மக்கள் எழுதுவதும் ஏறத்தாழ அவ்வளவே என்று அவர் மனநிறைவு கொண்டார். முதற் குறுஞ்செய்தி 1992ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது; அது ஒரு நத்தார் வாழ்த்து.

அந்த 160 எழுத்து ஆங்கிலத்துக்குரிய அளவு. தமிழில் எழுதினால் ஒரு செய்திக்குள் 70 குறியீடுகளே கொள்ளும். அதிலும் நம் எழுத்துக்குப் புள்ளி ஒரு குறியீடு, கொம்பு ஒரு குறியீடு, கால் ஒரு குறியீடு. ஆக, நாற்பது எழுத்தைத் தாண்டிச் சிறிது தூரம் போவதற்குள் இடம் தீர்ந்துவிடும். நீட்டினால் இரண்டு செய்தியாகக் கணக்காகும். உபதேசம் செய்து பழகிய எம்போன்ற ஆசிரியருக்கு இதைவிடக் கடுமையான தண்டனை வேறில்லை.

இச்சிறு செய்தி மனிதர் நடையை மாற்றுமா? இந்தியாவின் தென்கிழக்குப் பகுதியில் இதனைச் சோதித்துப் பார்த்தார்கள். டாக்டர் அ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும், நீரிழிவு நோயின் வாயிலில் நின்ற 537 ஆண்களை 2009 முதல் 2012 வரை ஆராய்ந்தார்கள். எல்லோருக்கும் முதலில் உணவும் உடற்பயிற்சியும் பற்றி அறிவுரை கூறப்பட்டது. அவர்களுள் 271 பேருக்கு மட்டும் கைத்தொலைபேசியில் தொடர்ந்து செய்தி போயிற்று. அவரவர் மனம் எந்தப் படியில் நிற்கிறது, எந்த நேரம் அவருக்கு உகந்தது என்பதறிந்து அனுப்பினார்கள். ஈராண்டு கழிந்தது. செய்தி பெற்றவருள் 50 பேருக்கும், பெறாத 266 பேருள் 73 பேருக்கும் நோய் வந்திருந்தது. நூற்றுக்கு 18, நூற்றுக்கு 27. 2013இல் வெளிவந்த இம்முடிவு உலகின் கவனத்தைக் கவர்ந்தது.

ஆனால் அதன் அடுத்த ஏடு அவ்வளவாகப் பேசப்படவில்லை. அதே குழுவினர் 2014இல் வெளியிட்ட கட்டுரையில், இந்நன்மை உணவுப் பழக்கம் திருந்தியதால் வந்தது, உடலுழைப்பு கூடியதால் அன்று எனக் காட்டினார்கள். அதாவது, செய்தி கையைத் தட்டிலிருந்து விலக்கியது. காலை வீதியில் இறக்கவில்லை. ஏன்? ஒரு கரண்டி சோற்றைக் குறைக்க ஒருவருடைய மனம் போதும் என்பது என் எண்ணம். நடப்பதற்கோ வீதி வேண்டும், நிழல் வேண்டும், துணை வேண்டும், ஓய்ந்த ஒரு நாழிகை வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோரில் 2015இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் கால்களும் அசைந்தன. 48 பேரே கலந்துகொண்டனர். அவரவர் அன்று எத்தனை அடி நடந்தார் என்பதைக் கருவி சொல்ல, அதற்கேற்ற செய்தி அவருக்குப் போனது. செய்தி பெற்றவர் பெறாதவரைவிட நாளொன்றுக்கு 2,534 அடி கூடுதலாக நடந்தனர். சில வாரக் கணக்குத்தான். மருத்துவமனை நாடி வந்த பெரியவர்களின் கணக்கு. நம் பிள்ளைகளுக்கு இதை அப்படியே பொருத்திவிட இயலாது.

2020 மார்ச்சில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது நானும் உடற்கல்வி ஆசிரியரும் இதனைச் செய்து பார்த்தோம். முதலில் 'நாள்தோறும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்க' என்று எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்பினோம். ஒருவரும் மறுமொழி தரவில்லை. அது விசிலின் மறுபிறப்பு என்பது எனக்குப் பிறகே உறைத்தது. அடுத்து ஒவ்வொருவர் பெயரையும் எழுதினோம். கிணற்றடியிலிருந்து வேலி வரை எத்தனை ஓட்டம், தம்பியோடு கிளித்தட்டு ஆடினாயா, கயிறு தாண்டுவதில் நேற்றைய எண்ணிக்கையைத் தாண்டினாயா என்று கேட்டோம். மறுமொழிகள் வந்தன, சிலவற்றில் பொய்யும் கலந்திருந்தது என்றே எண்ணுகிறேன். ஆயிரம் முறை கயிறு தாண்டியதாக ஒருவன் எழுதியிருந்தான்.

ஒரு மாணவியிடமிருந்து மட்டும் பல நாள் ஒரு சொல்லும் வரவில்லை. அவளுக்கு ஆர்வமில்லை என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு கைத்தொலைபேசி. அது தகப்பனாருடையது. நாங்கள் செய்தி அனுப்பும் மாலை நான்கு மணிக்கு அது பொலித்தீன் பையில் சுற்றப்பட்டு அவரோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் கரைக்குத் திரும்பிய பிறகு, மீனை விற்று, வலையை உலர்த்தி, உறங்கி எழுந்தே அதை எடுத்துப் பார்ப்பார். மகளுக்கு வந்த செய்தியைத் தமக்கு வந்ததாக நினைத்து, அதிபருக்கு என்ன நேர்ந்தது என்று அவர் வியந்தாராம்.

அதன்பின் அந்தப் பிள்ளைக்குக் காலை ஏழு மணிக்குச் செய்தி அனுப்பினோம். படகு கரை சேரும் நேரம் அது. தகப்பனார் வாசற்படியில் அமர்ந்தபடியே அதை உரக்க வாசிப்பார். முற்றத்தில் அவள் கயிறு தாண்டுவதை அவரே எண்ணி, எண்ணிக்கையை எங்களுக்கு அனுப்பி வைப்பார்.