பி.யூ.சி: பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவில் இருந்த ஒரு வருடம்

வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை ஏதாவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள். 1960-களில் அச்சடித்ததாக இருந்தால், மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் "பி.யூ.சி." என்று போட்டிருக்க வாய்ப்பு உண்டு. அது பட்டம் இல்லை. பள்ளிப் படிப்பும் இல்லை. இன்றைக்கு பிளஸ் டூ முடித்தவர் யாரும் அதைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வதில்லை. அப்படியிருக்க, அந்த ஒரு வருடப் படிப்புக்கு மட்டும் ஏன் அவ்வளவு மரியாதை?

காரணம் பாடத்தில் இல்லை. அந்த வகுப்பு எங்கே நடந்தது என்பதில் இருக்கிறது.

பி.யூ.சி. என்றால் ப்ரீ யுனிவர்சிட்டி கோர்ஸ். தமிழில் புகுமுக வகுப்பு என்பார்கள். அப்போது பள்ளியில் 11 ஆண்டுகள் படித்து எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டும். பிறகு கல்லூரியில் ஒரு வருடம் பி.யூ.சி. அதில் தேறினால்தான் மூன்று வருடப் பட்டப்படிப்பு. அதாவது பட்டப்படிப்பு தொடங்கும் முன்பே, ஒரு வருடம் கல்லூரி வாசலில் நின்றாக வேண்டும்.

முன்கதை

இந்த நடுவாசல் 1950-களில் புதிதாக வந்தது அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் எஃப்.ஏ. என்ற இரண்டு வருடப் படிப்பு இருந்தது. கணித மேதை ராமானுஜன் இடறியது இங்கேதான். 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காததால் உதவித்தொகை போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் முயன்றார். 1907-இல் அங்கேயும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. உலகம் கொண்டாடிய அறிவு நம் ஊர் நடுவாசலைத் தாண்ட முடியவில்லை!

எஃப்.ஏ. போய் இன்டர்மீடியட் வந்தது. அதுவும் இரண்டு வருடம், அதுவும் கல்லூரியில்தான். அப்துல் கலாம் ராமநாதபுரத்தில் பள்ளிப் படிப்பை முடித்து, 1950-இல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் சேர்ந்தது இன்டர்மீடியட் படிக்கத்தான்.

இந்த வகுப்பு கல்லூரியில் இருக்க வேண்டியதே இல்லை என்ற பேச்சும் பழையது. 1917-இல் அமைக்கப்பட்ட சாட்லர் கமிஷன், இன்டர்மீடியட் பல்கலைக்கழகத்தின் வேலை அல்ல என்று சொன்னது. 1948-49-இல் ராதாகிருஷ்ணன் கமிஷன், 12 வருடப் படிப்புக்குப் பிறகே பல்கலைக்கழகம் என்றது. அடுத்து வந்தது 1952-53-இன் இடைநிலைக் கல்விக் கமிஷன். அதன் தலைவர் அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. லட்சுமணசாமி முதலியார்.

முதலியார் கமிஷன் சொன்ன கணக்கு எளிமையானது. இன்டர்மீடியட்டின் இரண்டு வருடங்களைப் பிரித்து, ஒன்றைப் பள்ளிக்குக் கொடு, இன்னொன்றைப் பட்டப்படிப்புக்குக் கொடு. பள்ளிகள் தயாராகும் வரை, எஸ்.எஸ்.எல்.சி. மாணவர்களுக்குக் கல்லூரியில் ஒரு வருட புகுமுக வகுப்பு நடக்கட்டும். அந்த யோசனைப்படி சென்னை மாகாணத்தில் 1956-ஐ ஒட்டி இன்டர்மீடியட் போய் பி.யூ.சி. வந்தது. ஆக, பி.யூ.சி. ஒரு தற்காலிக ஏற்பாடு. அந்தத் தற்காலிகம் 20 வருடத்துக்கு மேல் நீடித்தது.

ராசிங்காபுரத்தில் இருந்து பார்த்தால்

சென்னையில் இருந்தவருக்குப் பி.யூ.சி. என்பது பஸ் மாறிப் போகும் விஷயம். போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கும் ராசிங்காபுரம் போன்ற ஊருக்கு அப்படி இல்லை. மேற்கே ஏலமலை. மலைமேல் ஏலத்தோட்டங்கள், அடிவாரத்தில் அந்தத் தோட்டங்களை நம்பிய ஊர்கள்.

1956-க்கு முன் இந்தப் பக்கத்துப் பையன் மேலே படிக்க வேண்டுமானால் மதுரைதான் கதி. அமெரிக்கன் கல்லூரி, மதுரைக் கல்லூரி, தியாகராசர் கல்லூரி எல்லாமே அங்கேதான். பெண்களுக்கு லேடி டோக் கல்லூரி 1948-இலும் பாத்திமா கல்லூரி 1953-இலும் வந்தன, அவையும் மதுரையில்தான். போடியிலிருந்து மதுரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். தினமும் போய்வர முடியாது, ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். 1956-இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரி தொடங்கிய பிறகுதான் கம்பம் பள்ளத்தாக்குக்குள்ளேயே ஒரு கல்லூரி வந்தது.

இங்கே செலவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கருணாநிதி ஆட்சியில் புகுமுக வகுப்பு வரை கல்விக் கட்டணம் இல்லை என்று ஆனது. ஆனால் கல்விக் கட்டணம் செலவில் ஒரு பகுதிதான். ஹாஸ்டல், சாப்பாடு, புத்தகம், துணிமணி எல்லாம் தனி. தோட்ட வேலைக்குப் போகும் வீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. 17 வயதுப் பையன் மலைக்கு வேலைக்குப் போயிருந்தால் கொண்டுவந்திருக்கும் கூலி. பொருளாதாரப் பாடத்தில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். எந்த அரசாணையாலும் ரத்து செய்ய முடியாத கட்டணம் இது.

இத்தனையும் தாண்டிப் போனால் அங்கே ஆங்கிலம் காத்திருந்தது. 11 வருடம் தமிழில் படித்தவர், பி.யூ.சி.யில் இயற்பியலையும் வரலாற்றையும் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். காது பழகுவதற்குள் பரீட்சை வந்துவிடும். "பி.யூ.சி. ஃபெயில்" என்ற சொல் ஊருக்கு ஊர் புழங்கியதன் பின்னணி இதுதான். வீட்டை விட்டுப் போய், அந்நிய மொழியில், ஒரே வருடத்தில் தேறியவர் பெயருக்குப் பின்னால் அதைப் போட்டுக்கொண்டதில் என்ன தப்பு?

1978

1964-66-இன் கோத்தாரி கமிஷன் 10+2+3 என்ற அமைப்பைப் பரிந்துரைத்தது. 1968-இன் தேசியக் கல்விக் கொள்கை அதை ஏற்றது. தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி அமலுக்கு வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. 10-ஆம் வகுப்போடு முடிந்தது. பி.யூ.சி. மறைந்தது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-இல் நடந்தது.

மொத்த வருடக் கணக்கு மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். முன்பு 11+1+3, பின்பு 10+2+3. இரண்டுமே 15 தான். மாறியது, அந்த ஒரு வருடம் இருந்த இடம். அது கல்லூரியிலிருந்து பள்ளிக்கு வந்தது. பஸ்ஸில் போய்விட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும் தூரத்துக்கு வந்தது. தமிழிலேயே வந்தது. வணிகவியலும் கணக்குப்பதிவியலும் பள்ளிப் பாடமாகின. ஹாஸ்டலுக்கு அனுப்பத் தயங்கிய வீடுகளின் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் வேறு கதை. போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே பி.யூ.சி. போன பிறகும் ப்ரீ டிகிரி என்ற இரண்டு வருடப் படிப்பு கல்லூரிகளிலேயே இருந்தது. 1990-இல் தொடங்கி மெல்ல மெல்ல மாற்றி, 2000-ஐ ஒட்டித்தான் அது முழுவதும் பள்ளிக்கு வந்தது. கர்நாடகத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இன்றும் பெயர் பி.யூ.சி. தான்.

திரும்பி வந்த வருடம்

அமெரிக்காவில் சில உறைவிடப் பள்ளிகளில் "போஸ்ட் கிராஜுவேட் இயர்" என்று ஒன்று உண்டு. 12-ஆம் வகுப்பை முடித்தவர், நல்ல கல்லூரி கிடைப்பதற்காகவோ விளையாட்டில் தேறுவதற்காகவோ இன்னொரு வருடம் பள்ளி விடுதியில் தங்கிப் படிப்பது. அது வசதி உள்ளவர் விலைக்கு வாங்கும் வருடம்.

நம்மிடமும் அது இருந்தது. மதிப்பெண்ணைக் கூட்ட பிளஸ் டூவைத் திரும்ப எழுதும் இம்ப்ரூவ்மென்ட் தேர்வு பல வருடம் நடந்து, 2000-களின் நடுவில் நிறுத்தப்பட்டது. 2017-இல் தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கைக்கு நீட் வந்தது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. எம்.பி.பி.எஸ். இடம் பெற்றவர்களில், பிளஸ் டூ முடித்துக் காத்திருந்து மறுமுறை முயன்றவர்கள் 2016-17-இல் 12.47 சதவீதம். 2020-21-இல் 71.42 சதவீதம்.

நான்கு வருடத்தில் நடுவாசல் திரும்ப வந்துவிட்டது. இந்த முறை அதற்குப் பாடத்திட்டம் கிடையாது, சான்றிதழ் கிடையாது, இலவசக் கல்வி அரசாணையும் கிடையாது. பயிற்சி மையத்தின் கட்டணமும் ஹாஸ்டல் பில்லும் மட்டும் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஓரளவு கைகொடுக்கிறது. ஆனாலும் அந்த ஒரு வருடத்தை யார் வீட்டுச் செலவில் கழிப்பது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. 1978-இல் அரசாங்கம் அதற்கு ஒரு பதில் சொன்னது: வருடத்தை மாணவன் இருக்கும் ஊருக்கே கொண்டு வந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களில் பி.யூ.சி. படித்தவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். என்ன படித்தீர்கள் என்று கேட்காதீர்கள். எங்கே தங்கினீர்கள், யார் பணம் கட்டினார்கள் என்று கேளுங்கள். அப்படியே, கூடப் படித்தவர்களில் யாரெல்லாம் வர முடியாமல் ஊரிலேயே நின்றுவிட்டார்கள் என்றும்.